மகளைப் பந்தயத்தில் வைத்த மச்சாள்

என் மச்சாள் றோசமேரியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதென்றால், முதலில் கெட்டதாக நாற்பது வார்த்தை சொல்லி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளைத் தெரிந்தவர்கள் நான் பொய் சொல்கிறேன் என்பார்கள். அவள் என் வீட்டுக்காரர் யாக்கோபுவின் அக்கா. கற்பிட்டிப் பக்கம், எத்தாளைக்கு அப்பால் எங்கள் கரையில் கருவாடு போட்டு விற்கிறவள். புருசன் காய்ச்சலில் செத்த பிறகு, ஒரே பிள்ளை ஜெசிக்காவை அந்தக் கருவாட்டை வைத்தே வளர்த்துப் படிப்பித்து ஆளாக்கினாள். வாய் மட்டும் இல்லாவிட்டால் அவளை எப்போதோ நாய் கொண்டுபோயிருக்கும்.

குடி இல்லை, வெற்றிலை இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு பைத்தியம், எல்லே ஆட்டம். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, கம்புகள் நட்ட வட்டத்தைச் சுற்றி ஓடி வரவேண்டும். முழுச் சுற்று ஓடினால் ஓர் ஓட்டம். அடித்த பந்தை மற்றப் பக்கத்தார் பிடித்துவிட்டால் ஆட்டமிழப்பு. ஓடுகிறவனுடைய உடம்பில் பந்தை எறிந்து பட்டுவிட்டாலும் ஆட்டமிழப்புத்தான். கோவில் திருநாள், புதுவருசம், கிறிஸ்மஸ் எது வந்தாலும் எங்கள் பக்கத்தில் ஓர் எல்லே ஆட்டம் இருக்கும். றோசமேரி கோட்டோரத்தில் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பந்தயம் பிடிப்பாள்.

காசுப் பந்தயம் கிடையாது. ஒரு திருநாளில் காசுக்காக மண்டை உடைந்து, அடுத்த ஞாயிறு பாதர் பிரசங்கத்திலேயே தடைபோட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் கருவாடு, சேவல், இறால் என்று கட்டத் தொடங்கினார்கள். பெண்கள் இன்னும் ஒருபடி மேலே போய், தோற்றவள் வென்றவளுக்கு ஒரு கிழமை மீன் வெட்டிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பந்தயம் வைக்கிற இரண்டு பேரும் ஒரே பனங்கட்டித் துண்டை ஆளுக்குப் பாதியாகக் கடித்துப் பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடிக்கவேண்டும். குடித்தால் முடிந்தது கதை. கடவுளே இறங்கி வந்தாலும் அந்தப் பந்தயத்தை மாற்ற ஏலாது.

எந்த ஆட்டத்தில் யார்மேல் வைப்பது என்று ஊரே றோசமேரியிடம்தான் கேட்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற பின்னேரம் என்றால் எந்தப் பக்கம் நின்று அடிக்கிறவர்களுக்கு வாய்ப்பு, முதல் நாள் கரைவலை இழுத்து இடுப்பு நொந்து வருகிற அணி எது, எல்லாம் சொல்லுவாள். பாதி சரிவரும், பாதி பிழைக்கும். பிழைத்தால் காற்றின்மேல் பழியைப் போடுவாள். ஒன்றில் மட்டும் அவளுக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. எங்கள் அந்தோனியார் அணி சிலாபத்தாரை வெல்லும், உச்சமுனையாரை வெல்லும், கற்பிட்டி டவுன் பெடியன்களையும் வெல்லும். பக்கத்துக் கரைச் செபஸ்தியார் அணியிடம் மட்டும் விழுந்து விழுந்து தோற்கும். வெளியூர்க்காரரோடு ஆட்டம் என்றால் எங்கட பக்கம் வை, செபஸ்தியாரோடு என்றால் வாயைப் பொத்திக்கொண்டிரு. இது அவள் எல்லாருக்கும் சொல்லும் புத்தி. ஊருக்குத்தான் உபதேசம். அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் வீம்புக்கு எங்கள் அணிமேல் வைத்துத் தோற்று, அந்தக் கரையில் போய் ஒரு கிழமை மீன் வெட்டிவிட்டு வருவாள்.

ஏன் தோற்கிறோம் என்பது ஒன்றும் தேவரகசியம் இல்லை. இரண்டு கரையும் ஒரே பாதருடைய பங்கு. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அங்கேதான். எங்கள் அணியில் ஒருவனுக்கு அங்கே மாமா, இன்னொருவனுக்கு அத்தான், மூன்றாமவனுக்கு ஞானத்தகப்பன். கையில் பந்து இருக்கும், ஞானத்தகப்பன் மூச்சு வாங்க முன்னால் ஓடுவார், எங்கள் ஆள் பந்தை மெல்ல மண்ணில் போட்டுவிட்டு நிற்பான். என் வீட்டுக்காரர் அணிக்குத் தலைவர். அவர் அந்தப் பக்கத்துப் பெலிசியான் ஞானஸ்நானத்தில் ஏந்தின ஞானப்பிள்ளை. பெலிசியான் நடந்து வந்தாலே இவர் எறியமாட்டார், ஓடிவந்தால் எங்கே எறிவது? எறிந்தால் கோவிலில் எந்த முகத்தோடு அவருக்குத் தோத்திரம் சொல்வது என்று என்னிடம் கேட்டார். ஞானப்பிள்ளைகளை விதைத்து வைத்து ஆட்டத்தில் அறுவடை செய்கிறான் அந்த மனிசன் என்று றோசமேரி பல்லைக் கடிப்பாள். அவர்களுடைய பெடியன்களோ இளசுகள், மாமா அத்தான் என்று பார்க்காமல் படார் படார் என்று எறிவார்கள். எங்கள் ஆட்கள் அதை ஆசீர்வாதம் மாதிரி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

நாட்டுச் சண்டை முடிந்து நாலைந்து வருசத்தில் எங்கள் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள், காற்றில் பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற கூட்டம். அவர்களை டொல்பின் பார்க்க வள்ளத்தில் கூட்டிப்போகிறவன் செபஸ்தியார் அணியின் ஜெனிஸ்டன். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரன் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் நாட்டில் பேஸ்போல் என்று இதைப்போல ஒன்று உண்டு, அதிலும் பக்கத்து ஊர் அணிகளோடு எப்படி ஆடுகிறார்கள் என்று தனியாகப் பார்த்துத்தான் பந்தயம் கட்டுவார்கள் என்றானாம். ஜெனிஸ்டன் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, உங்கட ஊரில மாமனுக்கு எறிவாங்களோ என்று கேட்கச் சொன்னாள் றோசமேரி. வெள்ளைக்காரனுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

அந்த ஜெனிஸ்டனும் எங்கள் ஜெசிக்காவும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். நல்ல பெடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் தாய் அல்பொன்சாவும் எங்கள் றோசமேரியும் கோவிலில் முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து தெரிந்தவர்கள், அன்றிலிருந்தே சண்டைக்காரிகள். கலியாணம் பேச அவர்கள் வந்தபோது நகை நட்டுக் கதையெல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகள் எங்கே குடியிருப்பது என்பதில்தான் வில்லங்கம். எனக்கு ஒரு பிள்ளை, உனக்கு அஞ்சு ஆம்பிளைப் பிள்ளையள், ஒருத்தனைத் தந்தால் குறைஞ்சா போவாய் என்றாள் இவள். அஞ்சு விரலில் எதை வெட்டித் தரச் சொல்கிறாய் என்றாள் அவள். எங்கள் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் உண்டு, பெண் போவதும் உண்டு. அதனால் வழக்கத்தைக் காட்டி ஒருவரையும் மடக்க முடியவில்லை.

பேச்சு முற்றி, வருகிற திருநாள் ஆட்டத்தில் எந்த அணி வெல்கிறதோ அந்தக் கரையில் பிள்ளைகள் இருக்கட்டும் என்று அல்பொன்சா சொன்னாள். சொன்ன மாதிரியில் ஒரு சிரிப்பு இருந்தது. சரி என்று சொல்லுமுன் யோசிக்க றோசமேரிக்கு நேரம் இருந்தது, ஆனால் பழக்கம் இல்லை. நான் குசினியிலிருந்து கைகாட்டிக் கைகாட்டிக் களைத்துப்போனேன். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு முகம் வெளுத்தது.

ஜெசிக்கா எங்கள் கரைப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். பின்னேரம் வீட்டுக்கு வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு, அம்மா என்னைச் சேவல் மாதிரிப் பந்தயத்தில் கட்டிவிட்டா என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மாமி, நான் அங்க போனால் அம்மா ஆரோட சண்டை பிடிப்பா?" என்றாள். உண்மைதானே, அந்த வீட்டில் இவளும் போனால் வேறு யார்?

அன்றிலிருந்து றோசமேரிக்கு நித்திரை இல்லை, எங்களுக்கும் இல்லை. அணியில் உள்ள ஒவ்வொருத்தனையும் பிடித்து, மைதானத்தில் மாமனும் கிடையாது மச்சானும் கிடையாது என்று பாடம் நடத்தினாள். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். எறியப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். செபஸ்தியார் கரையில் ஒரு சொந்தமும் இல்லாத ஒருத்தன் வேண்டும் என்று வீடு வீடாக யோசித்தாள். எங்கள் கரையில் அப்படி ஒருத்தனைத் தேடுவது உப்பளத்தில் சீனி தேடுகிற வேலை. கடைசியில் ஒருநாள் காலை, வாளியை அப்படியே கிணற்றடியில் விட்டுவிட்டு ஓடினாள். குலசேகரம் வீட்டுக்கு.

குலசேகரம் குடும்பம் சண்டைக்காலத்தில் வன்னியிலிருந்து வந்தது. சைவ ஆட்கள். வந்த இடத்தில் வெங்காயத் தோட்டம் கொத்தி, சண்டை முடிந்தும் திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டார்கள். மகன் அனுசன் தோட்டத்துக்குள் வரும் மாடுகளைக் கல்லெறிந்து கலைத்துப் பழகினவன். எங்கே பார்த்தானோ அங்கே படும். ஆனால் கோவில் அணி என்பதால் ஒருவரும் அவனைக் கூப்பிட்டதில்லை, அவனும் கேட்டதில்லை.

அனுசனுக்கு ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தாய் சரோஜாதேவிதான் மாட்டேன் என்றாள். நாங்கள் வந்தேறு குடிகள், இன்றைக்கு என் பிள்ளை அவர்களுக்கு எறிந்தால் நாளைக்கு யாருடைய கடையில் சாமான் வாங்குவது, யாருடைய வள்ளத்தில் ஏறுவது என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உறவு இல்லாதவர்களுக்குப் பகை கட்டாது. றோசமேரி அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலை இறக்கிக் கதைத்ததை நான் பார்த்தேன்.

"தங்கச்சி, ஆரும் கேட்டால் றோசமேரிதான் எறியச் சொன்னவள் எண்டு சொல்லு. பழியெல்லாம் எனக்கு. எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை."

சரோஜாதேவி கையிலிருந்த வெங்காயத்தாளைக் கிள்ளிப் போட்டாள். அவளுக்கும் ஒரு பிள்ளைதான். ஓம் என்றாள்.

செபஸ்தியார் பக்கம் சும்மா விடுமா? கோவிலுக்கு வராதவன் கோவில் அணியில் எப்படி என்று கொடி பிடித்தார்கள். எங்கள் ஆட்டங்களுக்கு நடுவர் எப்போதும் கற்பிட்டி ஹயாத்து முகம்மது நானாதான். இரண்டு கரையிலும் சொந்தம் இல்லாத, இரண்டு கரையும் பயப்படுகிற ஒரே ஆள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இந்தக் கிணத்தில தண்ணி அள்ளுறானா, அப்ப இந்த ஊருப் புள்ளதான், இனிக் கதைக்க வாணாம் என்று தீர்ப்புச் சொன்னார். கதை முடிந்தது.

திருநாள் பூசை முடிந்து, சோறு தின்று, வெயில் தாழ்ந்ததும் கோவிலுக்குப் பின்னால் உள்ள வெளியில் ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் றோசமேரி கூடைமேல், மற்றப் பக்கம் அல்பொன்சா பிளாஸ்டிக் கதிரையில். நடுவில் கச்சான் காற்று. எங்கள் அணி முதலில் அடித்து ஒன்பது ஓட்டம் எடுத்தது. வழக்கமாக அது செபஸ்தியாருக்குக் கைதூசு.

அன்றைக்கு இல்லை. முதலில் ஓடினவர் பெலிசியான். வழக்கம்போல நடைபோட்டு வந்தவருடைய முதுகில் அனுசன் எறிந்த பந்து சத்தம் கேட்கப் பட்டது. மனிசன் திரும்பி, பேய் அறைந்ததுபோல நின்றார். என் வீட்டுக்காரர் என்னவோ பாவம் நடந்துவிட்ட மாதிரிச் சிலுவை போட்டுக்கொண்டார். றோசமேரி கூடையை விட்டு எழும்பி, அப்பிடிப் போடு, அப்பிடிப் போடு என்று கும்மியே அடித்தாள். இன்னும் இரண்டு பேர் தொடையைத் தடவிக்கொண்டு வெளியே போனார்கள். சரோஜாதேவி என் பக்கத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பெலிசியான் தானாகவே அனுசனிடம் போய், நல்ல கை தம்பி, நாளைக்கு வலை இழுக்க வா என்று சொன்னதை நான்தான் அவளுக்குக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் முழுசாகக் கண்ணைத் திறந்தாள்.

இப்படியே போய், அவர்களும் ஒன்பது எடுத்து, கடைசி ஆளாக ஜெனிஸ்டன் தடியோடு வந்தான். அவன் ஒரு சுற்று ஓடிவிட்டால் அவர்களுக்கு வெற்றி. ஆட்டமிழந்தால் சமன், ஆனால் எங்கள் ஊர் விதியில் சமன் என்றால் முதலில் அடித்த அணி வென்றதாகக் கணக்கு. ஜெசிக்கா என் கையைப் பிடித்தாள்.

ஜெனிஸ்டன் அடித்த பந்து காற்றில் ஏறி, மணல் மேட்டுப் பக்கம் விழுந்து உருண்டது. ஓடினான், அப்படி ஓடினான். ஒவ்வொரு கம்பையும் தாண்டிக் கடைசிக் கம்பைச் சுற்றும்போது பந்து அனுசன் கைக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு வள்ளத்தின் நீளம்கூட இல்லை. அனுசன் கையை ஓங்கினான். அந்த நேரம் பார்த்து ஜெனிஸ்டனுக்கு மணலில் கால் வழுக்கியது. விழாமல் சமாளித்து நிமிர்ந்தவனுடைய முகம் நேரே பந்துக்கு முன்னால் வந்தது.

"எறியாதேடா! என்ர பிள்ளைக்கு எறியாதே!"

அல்பொன்சா கத்துகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அல்பொன்சா வாயைத் திறக்கவில்லை. கத்தினது எங்கள் றோசமேரி. கூடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், கோட்டுக்குள்ளே ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

அனுசன் ஓங்கின கையோடு அப்படியே நின்றான். ஜெனிஸ்டன் தடுமாறித் தடுமாறி ஓடிக் கோட்டைத் தாண்டி விழுந்தான். ஹயாத்து நானா விசில் ஊதினார். பத்து ஓட்டம். தோற்றுவிட்டோம்.

எங்கள் ஆட்கள் கொதித்துப்போனார்கள். இவ்வளவு காலமும் எங்களைத் திட்டின வாயால் நீயே கெடுத்தாயே அக்கா என்று என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். அனுசன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாமி, நீங்கள்தானே எறியச் சொன்னீங்கள் என்று பாவமாகக் கேட்டான். றோசமேரி ஜெனிஸ்டனை எழுப்பி உட்கார வைத்து, சேலைத் தலைப்பால் அவனுடைய கண்ணிலும் மூக்கிலும் இருந்த மணலைத் துடைத்து, பல்லு இருக்கோ, வாயைத் திற பாப்பம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்துவிட்டோம் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மகளைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு அவளைத் திட்ட ஆயிரம் வார்த்தை வந்தது, ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை.

அல்பொன்சா கதிரையை விட்டு எழும்பி, வெளியைக் குறுக்கே கடந்து வந்தாள். பெரிய உடம்பு, மெதுவாகத்தான் வருவாள். அவள் வாய்க்கு இன்றைக்கு நல்ல தீன் என்று நினைத்து, நானும் சேலையைச் செருகிக்கொண்டு தயாராக முன்னால் போய் நின்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு றோசமேரிக்கு முன்னால் நின்றாள்.

"வெண்டது ஆரடி?" என்று கேட்டாள்.

"நீதான்."

"அப்ப பிள்ளையள் எங்க இருக்கிறதெண்டு ஆர் சொல்லுறது?"

"நீதான். நான் ஒண்டும் மறுக்கேல்ல. பனங்கட்டி கடிச்சனாங்கள். கூட்டிக்கொண்டு போ."

"உன்ர வீட்டில இருக்கட்டும்" என்றாள் அல்பொன்சா.

றோசமேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, நம்புங்கள், சண்டைக்குப் போனாள். தோற்றவள் தோற்றவள்தான், எனக்குப் பிச்சை வேண்டாம், பந்தயத்தை மாற்ற உனக்கு என்ன உரிமை என்று சத்தம்போட்டாள். மகளை வைத்திருக்கத்தான் இத்தனை பாடும் பட்டவள், இப்போது மகளைக் கொண்டுபோகச் சொல்லி மல்லுக்கு நிற்கிறாள். ஜெசிக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஹயாத்து நானாவைத்தான் கூப்பிட வேண்டி வந்தது. அவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வென்றவங்க சொல்றதுதான் தீர்ப்பு என்று சொல்லி, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அல்பொன்சா மகனுடைய தலையில் இருந்த மிச்ச மணலைத் தட்டிவிட்டாள்.

"எனக்கு அஞ்சு பிள்ளையள். அஞ்சு பேருக்கும் தாய் நான் ஒருத்திதான் எண்டு இருந்தன். இவன்ர முகத்துக்கு நேரே பந்தை ஓங்கேக்க எனக்கு முந்திக் கத்தினது நீ. இவனை உன்னட்ட விட்டிட்டு நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்."

ஊர் முழுவதையும் தன் வாயால் ஆண்ட என் மச்சாள் அல்பொன்சாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு பேரும் அழுதார்களா சிரித்தார்களா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, என் கண்ணிலும் தண்ணீர் நின்றது. பிறகு றோசமேரி மூக்கைச் சிந்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாய், சம்பந்திக்குத் தேத்தண்ணி கொடுக்கிற நினைப்பு உனக்கு இல்லையா என்று ஏசினாள்.